முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஊசியா, மாற்று அறுவையா?

குறுவை, சம்பா என்று குனிந்தே நாற்று நட்டுத் தேய்ந்த முழங்கால்கள் டெல்டாவில் ஏராளம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பலருக்கும் இருக்கும் கேள்வி: கத்தி வேண்டாம், ஸ்டெம் செல் ஊசி போதாதா?

இடுப்பெலும்பு மஜ்ஜையிலோ வயிற்றுக் கொழுப்பிலோ ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை எடுத்து மூட்டுக்குள் செலுத்துவதுதான் அந்த ஊசி. சிலருக்கு வலி குறையலாம். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல் இதை ஆய்வாக மட்டுமே அனுமதிக்கிறது. ஆய்வில் சேர்பவரிடம் காசு வாங்கக் கூடாது. நகையை அடகு வைத்தாவது போடச் சொன்னால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். லுகேமியா, தலசீமியா போன்ற ரத்த நோய்களில் ஸ்டெம் செல் உயிர் காப்பது உண்மை. வேலூர் சிஎம்சியில் 1986 முதலே ஸ்டெம் செல்கள் உள்ள மஜ்ஜையை மாற்றும் சிகிச்சை நடக்கிறது. அதைக் காட்டி மூட்டு ஊசியை விற்பது நியாயமில்லை.

மாற்று அறுவை பெரிய வேலைதான். தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துவார்கள். பெரும்பாலும் 15, 20 ஆண்டு உழைக்கும். அறுவைக்கு அப்புறம் சம்மணமிடுவதும் சேற்றில் இறங்கி நடுவதும் சிரமம். செயற்கை மூட்டின் விலைக்கு 2017இல் அரசு உச்சவரம்பு வைத்தது. தேய்மானம் முற்றிவிட்டால் நான் மாற்று அறுவையையே சொல்வேன். ஆரம்ப நிலை என்றால் தொடைத் தசைப் பயிற்சியும் எடை குறைப்பும்தான் முதலில்.