மோட்டார் சைக்கிள் பிரேமுக்குப் பெயின்ற் அடிக்க எது: ஸ்பிறேயா, தூரிகையா?

பிரேமைக் கழற்றி வைத்ததும் ஸ்பிறே கான் பக்கம்தான் கை போகும். குழாய் வளைவு, வெல்டிங் இடுக்கு எல்லாம் சீராகப் படியும். மெல்லிய பூச்சுகளுக்கு நடுவே 10, 15 நிமிடம் விட்டால் போதும். ஆனால் யாழ்ப்பாணத்தில் காற்றையும் பார்க்க வேண்டும். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் ஆனி, ஆடியில் முற்றத்தில் வைத்து அடித்தால் பாதிப் பெயின்ற் வேலிக்குப் போகும், மீதியில் மணல் ஒட்டும். மாரியில் ஈரக்காற்றுப் பட்டு பூச்சு வெளிறிப்போகும். இன்னொன்று, சாதாரண அக்ரிலிக் ஸ்பிறேயின் மேல் பெற்றோல் சிந்தினால் பிசுபிசுத்துக் கரையும். டாங்கிக்குக் கீழே சிந்தாமல் இருக்குமா?

தூரிகை எனாமலுக்கு அவசரம் ஆகாது, ஒரு பூச்சுக்கு ஓர் இரவு. தூரிகைக் கோடும் தெரியும். தெரியட்டுமே, பிரேமை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? தடிப்பாகப் படிவதால் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும். பழைய எனாமலுக்கு மேல் லாக்கர் (சீக்கிரம் காயும் பெயின்ற்) ஸ்பிறே மட்டும் வேண்டாம், சுருங்கிவிடும்.

கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டி என்றால் நான் தூரிகைதான் சொல்வேன். எதுவானாலும் சரி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை கறளை உரஞ்சி, தின்னரால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள்.