ஏஎம் மட்டும்தான் உருப்படி: மேட்ச் பார்க்க அலைந்த வண்டியும் அதன் ஸ்டீரியோவும்

மச்சினன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஏழு சீட்டர் டீசல் வண்டி பார்த்து வைத்திருக்கிறான். என்னிடம் இருக்கும் அதே மாடல், அதே வருடத்து வண்டி. போன வருடத்தைவிட விலை நன்றாக இறங்கிவிட்டது. "சேப்பாக்கம், பெங்களூரு, ஆலப்புழைன்னு மேட்ச் மேட்ச்சா இதுலதான சுத்துனீங்க, வாங்கவா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க மாமா" என்றான். ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். அதோடு, போன வாரம்தான் ஸ்டீரியோவை ரிப்பேர் பார்த்து வாங்கி வந்திருக்கிறேன். மனநிலை சரியில்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எஞ்சின், மைலேஜ், சஸ்பென்ஷன் எல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம். மதுரையிலிருந்து சென்னை வரை ஆறு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு அலுக்காமல் போகும். மூன்றாவது வரிசையில் உட்காருபவருக்கு முழங்கால் நாடியில் இடிக்கும், ஏசி அங்கே போய்ச் சேர விராலிமலை தாண்ட வேண்டும். டிக்கெட் வாங்கும் வேலையைத் தட்டிக்கழித்தவரை அங்கே உட்கார வைப்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். இவ்வளவு போதும்.

நான் பேச வந்தது டேஷ்போர்டில் கம்பெனியே மாட்டிக் கொடுத்த ஸ்டீரியோவைப் பற்றி. பாட்டு கேட்க மட்டும் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் நிலைமை வேறு. போகிற வழியில் ஆட்டம் தொடங்கிவிடும், திரும்புகிற வழியில் வேறொரு ஆட்டம் முடிந்துகொண்டிருக்கும். பயணத்தில் பாதி நேரம் ஸ்கோருக்காகக் காதைத் தீட்டி வைத்திருப்பதுதான்.

இதன் புளூடூத்தைப் போல ஒரு பிடிவாதம் பிடித்த சாமானை நான் பார்த்ததில்லை. ஐந்து போன்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பியதும் அந்த ஐந்தில் எதைப் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விராலிமலையில் டீ குடிக்கும்வரை என் போனில் கமென்டரி ஓடிக்கொண்டிருந்திருக்கும். டீ முடித்து வண்டியை எடுத்தால், "கனெக்டட்" என்று ஒரு பெண் குரல் ஊரே கேட்கும்படி அறிவிக்கும். பின்சீட்டில் தூங்குகிறவரின் போனிலிருந்து எட்டு வருடத்துக்கு முந்தைய கல்யாண வீடியோவின் நாதஸ்வரம் முழங்கும். மாற்றலாம் என்றால், வண்டி நின்று ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால்தான் அந்த மெனு திறக்கும். பாதுகாப்புக்காம். நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாலு வழிச்சாலையில், கடைசி ஓவரில், ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு நாதஸ்வரத்தை அணைத்துவிட்டுக் கமென்டரிக்கு வருவதற்குள் பரிசளிப்பே முடிந்துவிடும்.

ஐபிஎல் நாட்களில் இன்னொரு கொடுமை. ஆளுக்கொரு போனில் நேரலை பார்ப்பார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வரும். ஸ்பீக்கரில் பவுலர் இன்னும் ரன்-அப்பில் இருப்பார், மூன்றாவது வரிசையிலிருந்து "போச்சு!" என்று ஒரு குரல் வரும். இதற்கு ஸ்டீரியோவைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் எரிச்சல் அதன் மேல்தான் போகிறது.

இந்தச் சனியனை இத்தனை காலம் கழற்றி எறியாமல் இருப்பதற்குக் காரணம் அதிலேயே இருக்கிற இன்னொரு பட்டன். ஏஎம். அதாவது பழைய ரேடியோக்களில் இருந்த மீடியம் வேவ்.

வாங்கியபோது அந்தப் பட்டனை நான் சீண்டியதுகூட இல்லை. வீட்டில் மர்பி ரேடியோ போன பிறகு மீடியம் வேவ் என்ற ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. அப்பா காலத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனைக்காகத் தெருவில் பாதி வீடுகளில் ரேடியோ அலறும். அதோடு சரி என்றிருந்தேன். ஒருமுறை புளூடூத்தோடு மல்லுக்கட்டிய கோபத்தில் கைக்கு வந்த பட்டனை அழுத்தினேன். கரகரவென்று ஆகாசவாணி வந்தது.

அப்போதுதான் தெரிந்தது, இந்த ஸ்டீரியோவில் ஏஎம் டியூனரைச் செய்தவர் யாரோ அக்கறையான ஆள் என்று. மதுரையில் ஆகாசவாணி 1269 கிலோஹெர்ட்ஸ். மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி போகும்போது அது மெலிந்துகொண்டே வரும். அதற்குள் திருச்சி 936 கணீரென்று வந்துவிடும், பெரம்பலூர் தாண்டியும் விடாது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் போனால் சென்னை 720. எஃப்எம் நிலையம் ஊர் எல்லை தாண்டிச் சில மைல்களில் செத்துவிடும். மீடியம் வேவ் நிலத்தை ஒட்டியே பரவுவதால் பகலிலும் வெகுதூரம் வரும். ராத்திரியில் கேட்கவே வேண்டாம். பகலில் அந்த அலையை உறிஞ்சிவிடுகிற வானத்து அடுக்கு இருட்டியதும் கலைந்துவிடும். மேலே போன அலை எதிரொலித்து இறங்கும். திருவனந்தபுரம் 1161, ஆலப்புழை 576 எல்லாம் பக்கத்து வீடுபோல ஒலிக்கும். குறை இல்லாமல் இல்லை. உயர் அழுத்த மின்கம்பி சாலைக்குக் குறுக்கே போகிற இடங்களில் ஒரே இரைச்சல், லாரிக்குப் பக்கத்தில் போனாலும் கரகரப்பு. வர்ணனையாளர் "பந்து எல்லைக்கோட்டை..." என்று சொல்லும்போது சரியாக ஒரு மின்கோபுரம் குறுக்கே வரும். பிடித்தார்களா, சிக்ஸரா என்று வண்டிக்குள் பட்டிமன்றம் நடக்கும்.

2021 பிப்ரவரியில் இங்கிலாந்தோடு சேப்பாக்கத்தில் இரண்டாவது டெஸ்ட். கொரோனாவுக்குப் பிறகு ஜனங்களை உள்ளே விட்ட ஆட்டம், பாதி இருக்கைகளுக்கு மட்டும் அனுமதி. மூன்றாம் நாளுக்கு டிக்கெட் கிடைத்தது. விடிவதற்கு முன்பே கிளம்பியும் ஒன்பதரைக்கு விழுப்புரத்தைத் தாண்டவில்லை. போன் நேரலை சுற்றிக்கொண்டே நின்றது. மீடியம் வேவில் வர்ணனை மாட்டியது. அன்று காலை புஜாரா அவுட் ஆனதை டிவியில் பார்த்தவர்களுக்கே குழப்பம்: இறங்கி ஆடியவரின் பேட் தரையில் மாட்டிக் கை நழுவ, ஷார்ட் லெக்கில் நின்றவர் பந்தை எடுத்துக் கீப்பரிடம் எறிந்துவிட்டார். ரன் அவுட். அதை ரேடியோவில் கேட்டுப் புரிந்துகொள்ளத் திண்டிவனம் வரை ஆனது. அப்புறம் ரோஹித், பந்த், ரஹானே, அக்சர் என்று வரிசையாகக் காலி. 106 ரன்னுக்கு 6 விக்கெட். கொஞ்ச நேரத்துக்கு வண்டியில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அஷ்வின் உள்ளே வந்ததும், "நம்ம பையன் இருக்கான், வண்டியை அழுத்துங்கண்ணே" என்றான் ஒருத்தன்.

அன்று நான் அதைப் போனில் பார்த்திருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். மேல்மருவத்தூர், மதுராந்தகம், செங்கல்பட்டு என்று ஒவ்வொரு ஊரும் எத்தனை ரன்னில் கடந்தது என்பது இன்றைக்கும் எங்கள் கூட்டத்தில் தகராறு. ஆலந்தூர் மெட்ரோவில் வண்டியைப் போட்டுவிட்டு, அரசினர் தோட்டத்தில் இறங்கி, வாலாஜா சாலையில் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். (சேப்பாக்கத்துக்குக் கார் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: வேண்டாம். பாஸ் இல்லாமல் நிறுத்த இடமே கிடைக்காது.) கடைசி ஆளாக சிராஜ் வந்த பிறகுதான் அஷ்வின் நூறைத் தொட்டார், தனக்கே நூறு விழுந்த மாதிரி சிராஜ் எகிறிக் குதித்தார். 106 ரன், சொந்த ஊரில். அந்தப் பகல் முழுவதையும் எனக்குக் கொடுத்தது இந்த ஸ்டீரியோதான்.

மறுநாள், பிப்ரவரி 16, ஆட்டம் முடிந்து திரும்பினால் நாடு முழுக்க ஃபாஸ்டேக் கட்டாயமான முதல் நாள். டேக் ஒட்டாதவர்களுக்கு இரண்டு மடங்கு கட்டணம். எங்கள் வண்டியில் ஒட்டியிருந்தது, என்ன பிரயோஜனம்? பரனூர் சுங்கச்சாவடியில் முன்னால் நின்ற வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி ஊழியரோடு சட்டம் பேசிக்கொண்டிருந்தார். ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி எல்லா இடத்திலும் அதே சண்டை. டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துப் போடுவோம். திரும்ப ஸ்டார்ட் செய்தால் புளூடூத் இன்னொரு போனைப் பிடிக்கும். செங்குறிச்சிக்குள் வண்டியில் இருந்த எல்லாருடைய பாட்டுப் பட்டியலும் அம்பலமாகிவிட்டது.

ஆனால் அந்த புளூடூத்தை நான் மன்னிக்கவே முடியாத நாள் 2023 ஆகஸ்ட் 12. அன்று ஒரே நாளில் இரண்டு விசேஷம். ஆலப்புழை புன்னமடைக் காயலில் நேரு டிராபி படகுப் போட்டி. சென்னை எழும்பூர் ஹாக்கி மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம், இந்தியாவும் மலேசியாவும். அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் அணியில் இருந்தான். எதற்குப் போவது என்று பெரிய விவாதம். கடைசியில் ஆலப்புழை ஜெயித்தது, ஹாக்கியைத் திரும்பும் வழியில் கேட்டுக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு.

போகும்போது பிரமாதம். சங்ஙனாசேரி தாண்டி ஆலப்புழைக்குப் போகும் ஏசி ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்க, வள்ளங்களி என்கிற படகுப் போட்டிக்கென்றே பேர்போன ஆகாசவாணி மலையாள வர்ணனையைக் கேட்டுக்கொண்டே போனோம். பாதி புரியவில்லை, ஆனால் வர்ணனையாளர் மூச்சு விடாமல் கத்துகிற வேகத்திலேயே எந்தச் சுண்டன் வள்ளம் (நீளமான பாம்புப் படகு) முந்துகிறது என்று விளங்கிவிடும். அந்தக் கத்தலைக் கேட்டு எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் சீட்டிலேயே துடுப்புப் போட ஆரம்பித்துவிட்டார். இறுதிப் போட்டிக்குச் சரியாகக் கரைக்குப் போய்விட்டோம். வீயபுரம் சுண்டன் ஜெயித்தது.

திரும்பும்போது ராத்திரி எட்டரைக்கு ஹாக்கி. என் போனில் நேரலை, அது புளூடூத் வழியாக ஸ்பீக்கரில். முண்டக்கயம் வரும்போது பாதி ஆட்டம் முடிந்து 1-3. மலேசியா மேலே. சரி, ஒரு கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) குடித்துவிட்டுப் போவோம் என்று நிறுத்தியதுதான் வினை. வண்டியை எடுத்ததும் ஸ்டீரியோ என் போனை விட்டுவிட்டு மச்சினனின் போனைப் பிடித்தது. அதை மாற்றலாம் என்றால் குட்டிக்கானம் மலைப்பாதை தொடங்கிவிட்டது. வளைவுகளில் நிறுத்த இடமில்லை, பின்னால் கேரள அரசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. மச்சினன் போனில் அணைக்க முடியாத ஏதோ பக்திப் பாடல் தொகுப்பு. மேலே ஏற ஏற டவரும் போய்விட்டது. வண்டிப்பெரியாறு பக்கம் சிக்னல் வந்து பார்த்தால் இந்தியா 4-3. மூன்றாவது கால்பகுதி முடியும் நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல், கடைசி நிமிடங்களில் ஆகாஷ்தீப் சிங் ஒன்று. அவ்வளவையும் நாங்கள் சுப்ரபாதத்தோடு கடந்திருக்கிறோம். இதே மச்சினன்தான் இப்போது அதே மாடலை வாங்கவா என்று கேட்கிறான்.

போன 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையோடு மதுரைக்கும் வந்தது. வீட்டிலிருந்து பைக்கில் போய்ப் பார்த்தேன். ஸ்டீரியோ தொல்லை இல்லாமல் விளையாட்டு பார்ப்பது எவ்வளவு சுகம்!

ரிப்பேர் விஷயத்துக்கு வருகிறேன். வால்யூம் குமிழைக் கூட்டத் திருப்பினால் குறைந்தது. கூரை ஆன்டெனாவின் அடியில் இருந்த சின்ன பூஸ்டர் துருப்பிடித்து ஏஎம் வெறும் இரைச்சலாகிவிட்டது. கடைக்காரத் தம்பி கழற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல யாருண்ணே ஏஎம் கேக்குறா? பெரிய டச் ஸ்கிரீன் மாட்டிவிடுறேன், ரிவர்ஸ் கேமராவும் வரும்" என்றார். அவர் காட்டிய ஸ்கிரீன்களில் எஃப்எம் மட்டும்தான். புது மின்சாரக் கார்கள் சிலவற்றில் ஏஎம்மையே எடுத்துவிட்டார்கள், மோட்டாரின் மின்னிரைச்சல் அந்த அலைவரிசையில் குறுக்கிடுகிறது என்று. ஆகாசவாணியும் தன் மீடியம் வேவ் ஒலிபரப்பிகள் சிலவற்றை மூடிவிட்டது. எல்லாம் தெரியும். இருந்தாலும் பழையதையே சரிசெய்யச் சொன்னேன். பூஸ்டர் புதிது, குமிழும் புதிது. ஏஎம் முன்னைவிடத் தெளிவாக வருகிறது. நேற்று ராத்திரி ஒத்தக்கடையில் நின்றுகொண்டு ஆலப்புழை கேட்டேன்.

புளூடூத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரே வித்தியாசம், ரிப்பேரில் பழைய ஞாபகமெல்லாம் அழிந்து, முதன்முதலில் சேர்த்த கடைக்காரத் தம்பியின் போன் அதில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. டெலிட் கொடுத்தால் மறுப்பேதும் இல்லாமல் அழிகிறது, மறுநாள் காலை திரும்ப வந்து நிற்கிறது. அந்தக் கடைத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் அவர் போனைப் பிடித்துக்கொள்கிறது. நேற்று அவருக்கு வந்த அழைப்பு என் வண்டியில் மணியடித்தது.

ஆகவே மச்சினனுக்கு: வாங்காதே. எஞ்சின் நன்றாக இருக்கும், சஸ்பென்ஷன் நன்றாக இருக்கும், விலையும் நியாயம்தான். இருந்தாலும் வாங்காதே. ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் ஏஎம்முக்கு. மீறி வாங்கி, டச் ஸ்கிரீன் மாட்டுவதென்று முடிவெடுத்தால், கழற்றுகிற பழைய ஸ்டீரியோவை எடைக்குப் போட்டுவிடாதே. எனக்கு ஸ்பேருக்கு வேண்டும்.