கப்பலில் தனியாக ஒரு கே பயணி: கொச்சியா, சென்னையா, சிங்கப்பூரா?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் இருக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. பாலக்காட்டில் ரயிலேறினால் சில மணி நேரத்தில் கொச்சி. செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர், அங்கிருந்து நேராகச் சிங்கப்பூருக்கு விமானம். அதனால் தண்ணீர்மேல் சில நாள் போய்வர நாலு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: ஆலப்புழை ஹவுஸ்போட், கொச்சியிலிருந்து லட்சத்தீவுக் கப்பல், கொர்டேலியா போன்ற இந்தியச் சொகுசுக் கப்பல், சிங்கப்பூரில் கிளம்பும் பன்னாட்டுக் கப்பல். ஐந்தாவதாக, தொலைவில், நம்மைப் போன்ற தன்பாலீர்ப்பாளர்களுக்காகவே முழுசாக வாடகைக்கு எடுக்கும் கப்பலும் உண்டு. நான் கே, அதாவது ஆண்கள்மேல் ஈர்ப்புள்ள ஆண்; தனியாகப் பயணம் போகிறவன். இதே நிலையில் இருக்கும் தம்பி தங்கைகள் எதில் போகலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

சாப்பாடு, நீச்சல்குளம் பற்றியெல்லாம் எந்த விளம்பரத்திலும் படித்துக்கொள்ளலாம். நாம் பார்க்க வேண்டியது வேறு. யாரும் குடையாமல் நம்மை நம் பாட்டுக்கு விடுவார்களா? மனம்விட்டுப் பேச நம்மவர் ஒருவராவது கிடைப்பாரா? முதலாவது கிடைக்கும் கப்பலில் இரண்டாவது கிடைக்காமல் போகலாம். "எப்போடா கல்யாணம்" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவருக்கு முதலாவதே பெரிய ஆறுதல். வருடக்கணக்காக யாரிடமும் வாய்திறக்காதவருக்கு அது போதாது. உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்தது.

ஹவுஸ்போட்டைத் தனியாளுக்கு நான் சொல்ல மாட்டேன். நண்பகலில் ஏறினால் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் கரையில் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு காயல் வலைவீசும் மீனவர்களுக்கு. மறுநாள் காலை வரை நீங்களும் ஊழியர்கள் இரண்டு மூன்று பேரும்தான். "ஒற்றைக்காணோ சேட்டா? ஃபேமிலி இல்லே?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து எழுந்துபோய் உட்கார வேறு இடம் கிடையாது. ஓரறைப் படகுக்கும் இருவர் வாடகைதான். துணையோடு போகிறவர்களுக்குக் கதை வேறு. இரண்டு ஆண்கள் நண்பர்கள் என்று ஏறினால் அங்கே யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. தனியாளுக்கு அதே காயலைக் காட்ட, ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு நீர்ப் போக்குவரத்துத் துறை விடும் சாதாரணப் படகே போதும். நூறு ரூபாய் கூட ஆகாது.

லட்சத்தீவுக் கப்பலையும் கொர்டேலியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவுக்குள்ளேயே சுற்றிவரும் பயணங்களில் இரண்டும் ஒன்றுதான். தன்பாலீர்ப்பு உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு நாம் குற்றவாளிகள் இல்லை. இறங்கும் ஊர்களெல்லாம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வருகின்றன. வித்தியாசம் கேபினிலும் ஆட்களிலும் இருக்கிறது.

தீவு நிர்வாகம் நடத்தும் 'சமுத்ரம்' பயணத்தில் எம்.வி. கவரத்தி கப்பலில் இரவு தங்கி, பகலில் சின்னப் படகில் மாறித் தீவுக்குப் போய்வருவீர்கள். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று அந்தக் கடலின் அழகுக்கு ஈடே கிடையாது. ஆனால் அனுமதிச்சீட்டுக்குப் போலீஸ் சான்று வேண்டும்; சின்ன ஊரில் ஸ்டேஷனுக்குப் போனால் "கூட ஆரு வர்றா?" என்ற கேள்வி அங்கிருந்தே தொடங்கிவிடும். டைமண்ட் வகுப்பில் அறைக்கு இருவர், கோல்டில் நால்வர். தனியாகப் பதிந்தால் அறிமுகமில்லாதவரோடு படுக்க வேண்டி வரலாம். கே ஆணுக்கு இது சங்கடம் மட்டும். திருநங்கைக்கும் திருநம்பிக்கும், அட்டையில் உள்ள பாலினத்தை வைத்து அறை ஒதுக்கினால், அது பாதுகாப்புப் பிரச்சினை. அவர்கள் முழு அறையையும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் பணம் கட்டக் கூடாது.

கொர்டேலியாவின் 'எம்பிரஸ்' 1990-இல் கட்டப்பட்டது. முன்பு ராயல் கரீபியனிடம் இருந்த கப்பல். இங்கே பூட்டிக்கொள்ள சொந்தக் கேபின் உண்டு. அந்த ஒன்றுக்காகவே லட்சத்தீவுக் கப்பலுக்கு மேல் இதை வைப்பேன். ஆனால் கூட வருபவர்கள் பெரும்பாலும் குடும்பங்கள், கல்யாணக் கூட்டங்கள், ஆபீஸ் குழுக்கள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்த சில நிமிஷத்தில் எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆச்சா என்று வந்துவிடும். கோயம்புத்தூர்க்காரரோ திருச்சூர்க்காரரோ பக்கத்து கேபினில் இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. வீட்டுக்குத் தெரியாதவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் பயணமென்றால் இன்னொரு விஷயமும் சேர்கிறது: அங்கே தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் பிரிட்டிஷ் காலத்திலிருந்து தொடர்கின்றன.

சிங்கப்பூர்க் கப்பலுக்கு வருவோம். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இங்கேதான் அதிகம் படித்துவிட்டு ஏற வேண்டும். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய தன் 377ஏ பிரிவைச் சிங்கப்பூர் 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நீக்கியது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். ஆக, சிங்கப்பூரில் கிளம்பி புக்கெட் போய்த் திரும்பும் பயணம் நமக்கு அருமையானது. அதே கப்பல், அதே கேபின், அடுத்த வாரம் பினாங்குக்கோ போர்ட் கிள்ளானுக்கோ போகும். அவை இருக்கும் மலேசியாவின் தண்டனைச் சட்டத்தில் இப்படிப்பட்ட உறவுக்கு இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் இன்னும் இருக்கின்றன. விளம்பரத்தில் இரண்டு பயணமும் ஒரே மாதிரிப் படங்களோடுதான் வரும். கப்பலின் பெயரை விட்டுவிட்டு, எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்ற அட்டவணையைப் பாருங்கள். பினாங்கு வந்தே தீரும் என்றால் அங்கே இறங்கலாம். சாப்பாடும் கோயிலும் நம் மனசுக்கு நெருக்கமானவை. டேட்டிங் ஆப்பை மட்டும் கப்பல் துறைமுகத்தைத் தொடும் முன்பே போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பெரிய பன்னாட்டுக் கப்பலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ஒருவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கானோர் நடுவே கிடைக்கும் அந்த நிம்மதியை, வேலந்தாவளம் பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்த முகமாக வளர்ந்த எனக்கு எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. சில நிறுவனங்கள் தினசரி நிகழ்ச்சித் தாளில் சாயங்காலம் ஒரு பாரில் எல்ஜிபிடி சந்திப்பு என்று போடுவார்கள். சில சமயம் பத்துப் பேர் வருவார்கள், சில சமயம் யாருமே வர மாட்டார்கள். அதை நம்பிப் போகாதீர்கள். இருந்தால் முதல் நாளே எட்டிப் பாருங்கள். திருநங்கை, திருநம்பி நண்பர்கள் டிக்கெட்டில் உள்ள பெயரும் பாலினமும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நம் பாஸ்போர்ட்டில் மூன்றாவதாக 'டி' என்ற குறியீடும் உண்டு. பதிவுப் பக்கத்தில் அதற்குக் கட்டம் இல்லையென்றால், நிறுவனத்திடம் நேரடியாகப் பேசிய பிறகே மேலே போகலாம்.

பேச ஆள் வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால், மேலே சொன்ன எதுவும் அதை உறுதியாகத் தராது. அதற்கு முழுக் கப்பலையும் நம்மவர்களுக்காக எடுக்கும் பயணங்கள்தான். அட்லாண்டிஸ் என்ற நிறுவனம் 1991-இலிருந்து கே ஆண்களை முன்வைத்து நடத்துகிறது. 1973-இல் பெண்களுக்கான இசைத்தட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஒலிவியா, 1990 முதல் லெஸ்பியன் பெண்களுக்குக் கப்பல் பயணம் நடத்துகிறது. கிளம்புமிடம் பெரும்பாலும் அமெரிக்கா அல்லது ஐரோப்பா. விசா, விமானம், கேபின் எல்லாம் சேர்ந்தால் சில லட்சம் ஆகிவிடும். ஆனாலும் சேர்த்துவைத்து ஒருமுறை போவது தகும் என்று நினைக்கிறேன். இங்கே கல்யாணம் பற்றிய கேள்வியே வராது. வந்தாலும் பதில் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. கூச்ச சுபாவக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பெரிய பார்ட்டிக் கப்பல்களில் இரவெல்லாம் ஆட்டம்தான், அந்தக் கூட்டத்திலும் தனிமை வரும். சின்னக் கப்பல், சின்னக் குழு என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

பணத்தில் தனியாளுக்கு எங்கேயும் அடிதான். கேபின் விலை இருவர் கணக்கில் இருப்பதால், ஒருவர் போனாலும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் கேட்பார்கள். நார்வேஜியன் நிறுவனம் 2010-இல் 'எபிக்' கப்பலில் தனியாட்களுக்கென்றே 128 சின்னக் கேபின்களும் அவர்கள் கூடிப் பேச ஒரு கூடமும் கட்டியது. அப்புறம் மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. ஒருவர் கேபின் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சீசன் முடியும் வாரங்களில் கூடுதல் கட்டணத்தைக் குறைப்பதும் உண்டு.

கப்பலில் எடுக்கும் படங்களை எல்லோரும் பார்க்கும்படி கூடத்தில் மாட்டிவைக்கும் வழக்கம் உண்டு. நம்மவர்களுக்காக முழுசாக எடுக்கும் கப்பல்களில் அவை இணையத்துக்கும் போகலாம். வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் போட்டோகிராபர் நெருங்கும்போதே வேண்டாம் என்று கையசைத்துவிடலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அவசரத் தொடர்பு எண் கேட்கும் இடத்தில், உங்களைப் பற்றி முழுதும் தெரிந்த நண்பர் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்தத் தேதி என்ற விவரத்தையும் கிளம்பும் முன்பே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.