ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா: எது சீக்கிரம் கைக்குப் பழகும்?

பாளையங்கோட்டையில் சர்ச் பாட்டுக்கு அக்கூஸ்டிக் வாசித்தே விரல் காய்த்தவர்கள் நிறைய. எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கும்போது, பேர்போன இரண்டு மாடல்களான ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்), கிப்சன் லெஸ் பால் இவற்றில் எது என்ற கேள்வி அவர்களுக்கு வரும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பியின் அதிரும் நீளம் 25.5 அங்குலம்; லெஸ் பாலில் சுமார் 24.75. முக்கால் அங்குலம்தானே என்று விட்டுவிட முடியாது. ஒரே தடிமன் கம்பி, ஒரே சுருதி என்றால் லெஸ் பாலில் இழுவிசை குறைவு. கம்பியை வளைத்து வாசிக்க அது சுகம். ஃபிரெட்டுகள், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், நெருங்கியிருப்பதால் சின்னக் கைக்கும் எட்டும்.

எடைதான் இடிக்கிறது. லெஸ் பால் 4 கிலோவைத் தாண்டுவது சகஜம், ஆராதனை முழுக்க நின்று வாசித்தால் தோள் வலிக்கும். ஸ்ட்ராட்டின் உடலை நெஞ்சுக்கும் முழங்கைக்கும் வாகாகச் செதுக்கியிருக்கிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

எதை வாங்கினாலும் சரி, அக்கூஸ்டிக் நினைப்பில் அழுத்திப் பிடிக்காதீர்கள். மெல்லிய கம்பியில் சுருதி ஏறிவிடும். அப்புறம், நம்ம ஊர் வெயிலில் கை வியர்க்கும், வாசித்ததும் கம்பியைத் துடைத்து வையுங்கள்.