17 வினாடி இடைவெளியில் இரண்டு பேர்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் 2013 ஸ்டான்லி கோப்பை இறுதியின் ஆறாவது ஆட்டம். பாஸ்டனுக்கு எதிராக சிகாகோவின் பிரையன் பிக்கல் சமன் செய்தார். அடுத்த 17 வினாடியில் டேவ் போலண்ட் வெற்றி கோலைப் போட்டார். இருவருமே நட்சத்திரங்கள் அல்ல.

பணக் கணக்கில் போலண்டுக்குத்தான் யோகம். ஒரே வாரத்தில் டொரன்டோ அணிக்கு மாற்றம். அங்கே எதிராளியின் ஸ்கேட் பிளேடு கணுக்கால் தசைநாரைக் கிழிக்க, அந்த சீசனில் ஆடியது 23 ஆட்டம். அப்புறமும் புளோரிடா 5 ஆண்டுக்கு 2.75 கோடி டாலர் கொடுத்தது! காயம் விடவில்லை, 2015 டிசம்பரோடு சரி.

பிக்கல் 1.6 கோடிக்கு சிகாகோவிலேயே தங்கி, 2016இல் கரோலினா போனார். சில மாதங்களில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். ஆனால் விடைபெற்ற விதத்தில் என் ஓட்டு இவருக்கே: 2017 ஏப்ரலில் கடைசி ஆட்டம், சமனை முடிக்கும் ஷூட்அவுட், பக் (ஹாக்கி வட்டு) வலைக்குள்.