வழுக்கிய மூன்றாம் கியர்: ஒரு பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்புடன் பத்தாண்டுகள்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருந்த தாத்தாவின் வீட்டை 2014-இல் காலி செய்தபோது, மாடிப்படியின் அடியில் கிடந்த இங்கிலாந்துச் சைக்கிள் என் பங்குக்கு வந்தது. பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளையான ஹப்பில் ‘ஏடபிள்யூ’ என்ற மாடல் எழுத்துகளும் 53 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த எண் 1953-ஐக் குறிக்கிறது. அதாவது, பிரெஞ்சுக்காரர்கள் ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்த 1954 நவம்பருக்கும் முந்தைய சரக்கு. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் நாட்டிங்காமில் செய்த, உள்ளேயே மூன்று கியர்கள் அடங்கிய அந்த ஹப்பை அன்று முதல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏறத்தாழ நாள்தோறும் ஓட்டி வருகிறேன்.

சமதளமான ஊரில் கியர் எதற்கு என்று கேட்பவர்கள், பிற்பகலில் கடற்காற்று ஏறிய பிறகு தேவனாம்பட்டினம் சாலையில் கிழக்கு நோக்கி ஒரு முறை மிதித்துப் பார்க்கலாம். மார்கழி வாடையில் புதுச்சேரிப் பக்கம் போவதும் அப்படித்தான். முதல் கியர் இரண்டாவதைவிடக் கால் பங்கு இலகுவானது. மூன்றாவது, இரண்டாவதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகமானது. இந்த இரண்டு விகிதங்களும் நம் கடற்கரைக்கென்றே கணக்கிட்டவை போல இருக்கும்.

இரண்டாம் ஆண்டில் வழுக்கல் தொடங்கியது. மூன்றாம் கியரில் அழுத்தி மிதிக்கும்போது ‘டக்’ என்ற ஒலியுடன் பெடல் ஒரு கணம் வெறுமையாகக் கீழே போய், மறுபடி பிடித்துக்கொள்ளும். இரண்டாவதிலும் எப்போதாவது அப்படி நேர்ந்தது. கெடிலம் பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது ஒரு முறை பிடி விட்டுப்போனதில், முழங்கால் ஹேண்டில்பாரில் மோதி ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது.

முதலில் காட்டிய கடையில் ஹப்பைத் திறந்து, பால்ரஸ் குண்டுகளுக்கு வைப்பது போலவே உள்ளே முழுவதும் கெட்டியான கிரீஸை நிரப்பிக் கொடுத்தார்கள். அதன் பிறகு வழுக்கல் மூன்று கியர்களுக்கும் பரவியது. காரணம் பின்னால்தான் புரிந்தது. ஹப்புக்குள் விரல் நகத்தைவிடச் சிறிய எஃகுக் கொக்கிகள் இருக்கின்றன; அவை நிமிர்ந்து உறையைப் பற்றினால்தான் மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அவற்றைத் தூக்கி நிறுத்துபவை மயிரிழை போன்ற கம்பிச் சுருள்கள். கிரீஸில் ஒட்டிக்கொண்ட கொக்கியைத் தூக்க அந்தச் சுருளுக்கு வலு போதாது. இந்த ஹப்பு எண்ணெயில் ஓடுவதற்காக அமைந்தது. உறையின் நடுவில் எண்ணெய் ஊற்றவென்றே சிறு மூடியுடன் ஒரு துளை இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூரில் நான் பிறகு கண்டுபிடித்த வயதான மெக்கானிக் சைக்கிளைப் பார்த்ததும் சிரித்தார். “த்ரீ ஸ்பீடுல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒயரைப் பாருங்க தம்பி, பாதி வியாதி வெளியதான் இருக்கும்” என்றார். அவர் சொன்னபடி லிவரை இரண்டாம் கியரில் வைத்து, வலப்பக்க நட்டில் இருக்கும் சிறு சாளரத்தின் வழியே பார்த்தேன். கியர் கேபிளின் முனையில் இருக்கும் சிறு சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோள், ஆக்சிலின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். எனக்கோ அது இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. மேல் குழாயில் கேபிளைத் தாங்கும் கவ்வி துருவேறித் தளர்ந்து, முன்பக்கமாக நகர்ந்திருந்ததே காரணம். இந்த வகை ஹப்பில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே எதுவும் பிடிக்காத ஓர் இடைவெளி உண்டு. கேபிள் தளர்ந்தால் இரண்டாம் கியர் அந்த வெற்றிடத்தில்தான் போய் விழும். கவ்வியைப் பழைய இடத்தில் இறுக்கி, எண்ணெய்த் துளை வழியாக மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிக் கிரீஸைக் கரைத்து வெளியேற்றினேன். முதல் இரண்டு கியர்களும் சரியாகிவிட்டன; மூன்றாவது மட்டும் அடம் பிடித்தது.

ஆகவே திறக்க வேண்டியதாயிற்று. வலப்பக்கம் இருக்கும் பால்ரஸ் வளையத்தை உளியும் சுத்தியலும் கொண்டு இடஞ்சுழியாகத் தட்டிக் கழற்ற வேண்டும். அதற்கு முன் வளையமும் உறையும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறிக்கொள்வது நல்லது. அந்த மரை இரண்டு இடங்களில் தொடங்கக் கூடியது. திரும்பப் பூட்டும்போது மற்ற இடத்தில் ஏறிவிட்டால் சக்கரம் கோணலாகலாம். உள்ளே ஆக்சிலோடு ஒன்றான 20 பல் சக்கரம், அதைச் சுற்றி 20 பல் கொண்ட நான்கு குட்டிச் சக்கரங்கள், அனைத்தையும் வளைத்து 60 பல் கொண்ட வளையம். குட்டிச் சக்கரங்களின் கூடு மூன்று சுற்று சுற்றினால் வெளி வளையம் நான்கு சுற்று சுற்றும். மூன்றாம் கியரின் கணக்கு இவ்வளவே. அந்தக் கூட்டைச் சுற்றுவது சிலுவை வடிவக் கிளட்ச். அதன் கரங்கள் குட்டிச் சக்கரங்களின் ஊசிகளைப் பிடித்துத் தள்ள வேண்டும். என் கிளட்ச்சின் கரங்கள் நான்கும், பல நாள் சப்பிய மிட்டாயைப் போல, விளிம்பு மழுங்கி வழவழவென்று இருந்தன. மெல்ல மிதித்தால் பிடிக்கும், அழுத்தினால் நழுவும்.

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் நான்கு வாரம் அலைந்து, துருப்பிடித்து இறுகிய இன்னொரு ஏடபிள்யூ ஹப்பை 350 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் உறை எதற்கும் ஆகாது. ஆனால் கிளட்ச்சும் ஊசிகளும் கிளட்ச் ஸ்பிரிங்கும் கூர்மையாக இருந்தன. மூன்றையும் மாற்றிப் பூட்டி, வலப்பக்கக் கோனை, அதாவது பால்ரஸ் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டை, கையால் இறுக்கி அரைச் சுற்றுப் பின்வாங்கினேன்; மீதி ஆட்டத்தை இடப்பக்கத்துக் கோனில் சரிசெய்தேன். இது 2016-இல் செய்த வேலை. அதன் பிறகு இந்த ஹப்பின் மூன்றாம் கியர் தானாக ஒரு முறைகூட விட்டதில்லை.

எண்ணெய் விஷயத்தில் தையல் மிஷின் எண்ணெயை முதலில் முயன்றேன். நீர்த்துப்போய் ஒரே வாரத்தில் ஒழுகிவிட்டது. இப்போது பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 எண்ணெயை மாதம் ஒரு தேக்கரண்டி விடுகிறேன். தேங்காய் எண்ணெயை ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. தாவர எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும் என்பதால் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது வண்டி ஒரு நாள் முழுவதும் அச்சு மூழ்க நீரில் நின்றது. வடிந்த பிறகு துளை வழியே கவிழ்த்தபோது, எண்ணெயும் நீரும் கலந்து பால் தேநீரின் நிறத்தில் குழம்பு போல வந்தது. உடனே திறந்து கழுவியதால் பிழைத்தது; கொக்கிகளின் கம்பிச் சுருள்கள் நான்கை மட்டும் மாற்ற நேர்ந்தது. தள்ளிப்போட்டிருந்தால் சந்தையில் வாங்கிய ஹப்பின் கதிதான் இதற்கும்.

குறை என்று சொன்னால் அந்த நடு வெற்றிடம்தான். இந்நிறுவனம் தைவானுக்குப் போன பிறகு வந்த புதிய மூன்று வேக ஹப்பில் அது நீக்கப்பட்டுவிட்டது. புதிதாக வாங்குபவருக்கு அதையே சொல்வேன். பழையதை வைத்திருப்பவர் மாதம் ஒரு முறை சாளரத்தில் கண் வைத்தால் போதும். இன்னொன்று, இடப்பக்கம் எண்ணெய் கசிவதை நிறுத்த வழியே இல்லை. திண்ணையில் வண்டி நிற்கும் இடத்தில், பின் சக்கரத்தின் அடியில் பழைய நாள்காட்டி அட்டை ஒன்று எப்போதும் கிடக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் அதை மாற்றுகிறோம்.