கிராஸ் கிரீக்கில் மார்ஜரி ராலிங்ஸின் தோட்டவீடு: ஒரு மதிப்புரை

எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகளை நினைவில்லங்களாக்கும்போது, மேசையையும் மூக்குக்கண்ணாடியையும் கையெழுத்துப் பிரதிகளையும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிட்டு, வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடுவதே பொது வழக்கம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கெயின்ஸ்வில் நகருக்குத் தென்கிழக்கே, ஆரஞ்சு ஏரியையும் லாக்லூசா ஏரியையும் இணைக்கும் ஓடைக்கரையில் உள்ள கிராஸ் கிரீக் என்னும் சிற்றூரில், நாவலாசிரியர் மார்ஜரி கின்னன் ராலிங்ஸின் வீட்டை மாநிலப் பூங்காத் துறை வேறு விதமாகப் பேணுகிறது. காய்கறிப் பாத்திகள், கோழிகள், வாத்துகள், ஆரஞ்சு மரங்கள் ஆகியவற்றைக் கடந்த பிறகே வீட்டுப் படியை அடைகிறோம். இந்த வரிசை மிகச் சரியானது என்பதே என் மதிப்பீடு. அவருடைய எழுத்தும் இதே வரிசையில்தான் உருவானது.

1896இல் வாஷிங்டனில் பிறந்த ராலிங்ஸ், செய்தித்தாள்களுக்கு எழுதிக்கொண்டும், இதழ்களுக்குக் கதைகளை அனுப்பித் திரும்பப் பெற்றுக்கொண்டும் இளமையைக் கழித்தவர். 1928இல் தாய்வழியாகக் கிடைத்த சிறு தொகையைக் கொண்டு இங்கே 72 ஏக்கர் தோட்டத்தை வாங்கிக் கணவருடன் குடியேறினார். 1933இல் மணவாழ்க்கை முறிந்த பிறகும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. அதே ஆண்டு முதல் நாவல் வெளிவந்தது. புதர்க்காட்டில் வளரும் ஒரு சிறுவனைப் பற்றி எழுதுமாறு பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸ் தூண்ட, 1938இல் 'தி இயர்லிங்' என்ற நாவல் வந்தது. மறு ஆண்டே புலிட்சர் பரிசையும் பெற்றது.

வீட்டினுள் வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல முடியும். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரவீடு அது. காற்றோட்டத்துக்காகத் தனித்தனிப் பகுதிகளாக எழுப்பித் திண்ணைகளால் இணைத்திருக்கிறார்கள். வலையடித்த முன்திண்ணையில், வட்ட மேசைமீது தட்டச்சுப்பொறி இருக்கிறது. அங்கே நின்று பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும்: கோழி கத்தினாலும், மாடு வேலி தாண்டினாலும், வழியில் யார் போனாலும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் இடத்தில் ஒருவர் எப்படி எழுத முடிந்தது? இந்த இடையூறுகளே அவருக்குக் கதைப்பொருள் என்பதை வீட்டின் அமைப்பே விளக்கிவிடுகிறது. எழுத்தில் வந்த பணத்தால் வீட்டுக்குள் அமைத்த குளியலறையும், மரக் கிண்ணங்களைக் கவிழ்த்துச் செய்த விளக்கு மூடிகளும் சுவையான செய்திகள்தாம். ஆனால் நேரம் செலவிட வேண்டிய இடங்கள் சமையலறையும் தோப்பும்.

ஏனெனில் ராலிங்ஸின் இயற்கைக் காதல் தள்ளி நின்று வியப்பவரின் காதல் அன்று. உறைபனி இறங்கும் இரவுகளில், பிசின் ஊறிய பைன் விறகை மரங்களுக்கிடையே கொளுத்தி, விடியும் வரை கனலைக் காத்து, ஆரஞ்சுக் காய்ப்பைக் காப்பாற்றப் போராடியவர் அவர். பாம்பென்றாலே நடுங்கியவர், அந்த அச்சத்தை வெல்வதற்காகவே பாம்பியலாளர் ராஸ் ஆலனுடன் சென்று, வாலில் கிலுகிலுப்பை கொண்ட விரியன்களைப் பிடிப்பதைப் பார்த்தார். வேட்டையாடினார், மீன் பிடித்தார், முதலை வாலையும் ஆமை இறைச்சியையும் சமைக்கும் முறையை நூலில் எழுதி வைத்தார். நிலத்தை நேசிப்பவர் நிலத்திலிருந்து எடுத்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது என்ற இந்த முரண்தான் 'தி இயர்லிங்'கின் முதுகெலும்பு. தாயிழந்த மான்குட்டியைச் சிறுவன் ஆசையுடன் வளர்க்கிறான். வளர்ந்த மான் குடும்பத்தின் உணவாகிய சோளப் பயிரை மேய்கிறது. கடைசியில் அதை அவனே கொல்ல நேர்கிறது. காட்டை ஓவியமாக மட்டும் கண்டவர் அந்த மானை எப்படியாவது பிழைக்க வைத்திருப்பார். தோப்பின் வரவுசெலவைக் கவலையோடு பார்த்தவருக்கு அந்த வசதி இல்லை. பூங்காவின் காய்கறிப் பாத்திக்கு முன் நிற்கும்போது, எந்த விளக்கப் பலகையின் உதவியும் இல்லாமலே இது புரிகிறது.

இந்த உழைப்பு முழுவதும் அவருடையதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வளாகத்தில் இருக்கும் பணியாளர் குடிசையைத் தவறாமல் பாருங்கள். 1940களில் இங்கே சமைத்த கறுப்பினப் பெண்மணி ஐடெல்லா பார்க்கர், பின்னாளில் தம் நினைவுகளை நூலாக எழுதினார். ராலிங்ஸின் சமையல் நூலில் தமக்கு உரிய பெயர் கிடைக்காத குறிப்புகள் பல இருப்பதையும் அதில் பதிவு செய்தார். மரத்தையும் பறவையையும் அவ்வளவு கூர்ந்து கண்ட ராலிங்ஸின் பார்வை, தம் வீட்டில் உழைத்த கறுப்பின மக்களைப் பற்றி எழுதும்போது அக்காலத்து இனப் பாகுபாட்டைத் தாண்டவில்லை. ஐடெல்லாவின் நூலையும் படித்துவிட்டு வருபவருக்கு அந்தச் சமையலறை முழுமையாகத் தெரியும்.

வீட்டைச் சுற்றிப் பார்க்க வருமுன் அறிந்துகொள்ள வேண்டிய மற்றொன்று, இந்த இடத்தைவிட்டு அவர் விலகிய கதை. இந்த ஊரைப் பற்றி 1942இல் ராலிங்ஸ் ஒரு நூல் வெளியிட, அதில் தம்மைச் சித்திரித்த விதம் தம் அந்தரங்கத்தைக் குலைத்ததாக அவருக்கு அறிமுகமான பெண் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1947இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, 1 டாலரை இழப்பீடாக விதித்தது. தொகை அற்பம், விளைவு அப்படியன்று. அதன் பிறகு கிராஸ் கிரீக்கைப் பற்றி ராலிங்ஸ் நூல் எழுதவில்லை. அவர் மறைந்த 1953ஆம் ஆண்டில் வெளிவந்த கடைசி நாவல் வடக்கே உள்ள பண்ணை வாழ்க்கையைப் பேசுகிறது. அதில் உழைப்பு தெரிகிறது; ஆனால் மண்ணின் ஈரம் கையில் ஒட்டவில்லை என்பது என் கருத்து.

நடைமுறைச் செய்திகள் சில. தோட்டமும் நடைபாதைகளும் நாள்தோறும் திறந்திருக்கும். வீட்டுச் சுற்று அக்டோபர் முதல் ஜூலை வரை வாரத்தின் சில நாள்களில் மட்டுமே உண்டு. ஆகவே, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வருவோர் வீட்டை வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். கோடையில் வெக்கையும் கொசுவும் மிகுதி. குளிர்காலமே ஏற்றது, ஆரஞ்சு பழுப்பதும் அப்போதுதான். படமெடுத்துக்கொண்டு உடனே கிளம்ப விரும்புவோருக்கு இது ஏமாற்றமாகவே முடியும். நாவலைப் படித்தவர்கள், ஒகாலா தேசியக் காட்டில் உள்ள 'இயர்லிங்' நடைபாதையையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கதையின் களத்துக்கு அடிப்படையான பழைய குடியிருப்பு அங்கேதான் இருந்தது. மணற்பாதையில் நிழல் குறைவு என்பதால் குடிநீரைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.